பங்கு கொடுக்காமல் உண்டவர்கள்

கிளிஃபர்ட் போசம் ஜாபல்ஜாரி என்ற பாலைவன ஓவியரின் குடும்பத்துக்கு ஆஸ்திரேலியா ஒரு பாக்கி வைத்திருக்கிறது. கடனைத் திருப்பாதவர்கள் எங்கும் உண்டு. கடனே இல்லை என்று நாடாளுமன்றத்தில் சட்டம் எழுதி வைத்துக்கொண்டவர்களை எளிதில் பார்க்க முடியாது. கலைஞர்களுக்கான மறுவிற்பனை உரிமத்தொகை பற்றி அந்த நாடு 2009-ல் இயற்றிய சட்டத்தின் 11-ஆம் பிரிவைத்தான் சொல்கிறோம். அந்தப் பிரிவு நீக்கப்பட வேண்டும். அது நீடிக்கும் வரை, பூர்வகுடிக் கலையைத் தன் பெருமையாக உலக மேடைகளில் காட்டிக்கொள்ள ஆஸ்திரேலிய அரசுக்கு அருகதை இல்லை.

விலையிலிருந்தே தொடங்குவோம். இந்த வழக்கில் விலைதான் முதல் சாட்சி. 1977-ல் போசம் 'வார்லுகுலாங்' என்ற ஓவியத்தை வரைந்தார். உயரம் இரண்டு மீட்டர், அகலம் மூன்று மீட்டருக்கும் மேல். காமன்வெல்த் வங்கி அதை 1,200 டாலருக்கு வாங்கி, மெல்போர்னுக்குத் தெற்கே மார்னிங்டன் தீபகற்பத்தில் இருந்த தன் பயிற்சி மையத்தின் உணவகச் சுவரில் மாட்டியது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து, 1996-ல், அதை ஏலத்துக்கு அனுப்பியது. ஒரு கலை வணிகர் 39,600 டாலருக்கு எடுத்தார். 2007 ஜூலை 24 அன்று மெல்போர்னில் சொதெபீஸ் நிறுவனம் அதே ஓவியத்தை மறுபடியும் ஏலம் விட்டது. கான்பெராவின் தேசியக் கலைக்கூடம் 24 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. பூர்வகுடி ஓவியம் ஒன்றுக்கு அதற்கு முன் யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை.

வங்கிக்கு லாபம் வந்தது. வணிகருக்கு அதைவிடப் பெரிய லாபம் வந்தது. ஏல நிறுவனம் தன் கழிவை எடுத்துக்கொண்டது. வரைந்தவர் அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோயிருந்தார். அவருடைய பிள்ளைகளுக்கு ஒரு காசு வரவில்லை. சட்டப்படி வர வேண்டியதும் இல்லை.

யார் இந்த மனிதர்? 1932 வாக்கில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு வடமேற்கே நேப்பர்பி கால்நடைப் பண்ணைப் பகுதியில், வறண்டு கிடந்த ஓர் ஓடைப் படுகையில் பிறந்தவர். அன்மாட்யெர் இனத்தவர். பிறந்த நாளை யாரும் குறித்து வைக்கவில்லை. அவருடைய மக்கள் அப்போதுதான் ஒரு படுகொலையிலிருந்து மீண்டு வந்துகொண்டிருந்தார்கள். 1928-ல் கோனிஸ்டன் பகுதியில் ஒரு காவலரின் தலைமையில் சென்ற குழு வாரக்கணக்கில் பூர்வகுடி மக்களைச் சுட்டுக் கொன்றது. அரசு விசாரணை 31 பேர் என்று கணக்குச் சொல்லி, சுட்டது நியாயம்தான் என்றும் சொல்லிவிட்டது. இறந்தவர்கள் அதைவிட மிக அதிகம் என்பது அந்த மக்களின் நினைவு. அந்தத் துப்பாக்கிச் சூட்டில் தப்பியவர்களில் ஒருவர் குவோயா ஜுங்கராய். பின்னாளில் போசமின் தாயை மணந்து, அவரைத் தன் மகனாக வளர்த்தவர். இந்த ஜுங்கராயின் முகத்தைத்தான் 1950-ல் ஆஸ்திரேலிய அஞ்சல்துறை தபால்தலையில் அச்சிட்டது. கோடிக்கணக்கில் விற்ற தபால்தலை அது. முகத்தை எடுத்துக்கொள்வதும் மனிதரை விட்டுவிடுவதும் அந்தக் குடும்பத்துக்கு அப்போதே பழக்கமாகியிருக்க வேண்டும்.

போசம் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர் இல்லை. சிறுவனாக இருந்தபோதே குதிரையேறி மாடு ஓட்டப் போனார். மத்திய ஆஸ்திரேலியாவின் பண்ணைகளில் பூர்வகுடி மேய்ப்பர்கள் உழைத்தது பெரும்பாலும் மாவுக்கும் தேயிலைக்கும் சர்க்கரைக்கும்தான். அவர்களுக்கும் சம ஊதியம் தர வேண்டும் என்ற தீர்ப்பு 1966-ல் வந்தது. நடைமுறைக்கு வந்தது 1968 டிசம்பரில். அதற்குள் போசமின் இளமை முடிந்துவிட்டது.

ஆனால் அந்த ஆண்டுகள் அவருக்கு ஒன்றைக் கொடுத்தன. பண்ணை பண்ணையாகச் சுற்றியதில், தன் தந்தை வழியிலும் தாய் வழியிலும் உரிமையாக வந்த நிலம் முழுவதையும் குதிரைக் குளம்படியால் அளந்துவிட்டார். எந்தப் பாறையிடுக்கில் கோடையிலும் தண்ணீர் நிற்கும், எந்த மணல்மேட்டுக்கு அப்பால் எந்த ஓடை திரும்பும், எந்த மூதாதை எந்த வழியாக நடந்து எங்கே படுத்தார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த மக்களிடம் கதையும் நிலமும் வேறு வேறு இல்லை. ஒரு கதையைச் சொல்லும் உரிமை உள்ளவருக்கே அந்தக் கதை நடந்த மண்ணின் பொறுப்பும் உண்டு. இன்ன கதையை இன்னார்தான் வரையலாம் என்ற கட்டுப்பாடு இன்றும் இருக்கிறது. மீறினால் குற்றம்.

1950-களில் ஆல்பர்ட் நமட்ஜிரா அவருக்கு நீர்வண்ணம் கற்றுத்தர முன்வந்தார் என்று சொல்வார்கள். நாடே கொண்டாடிய ஓவியர் நமட்ஜிரா. போசம் அதை ஏற்கவில்லை. மரத்தில் உடும்பும் பாம்பும் செதுக்கினார். அந்த வட்டாரத்திலேயே தேர்ந்த செதுக்குக் கலைஞர் என்று பெயர் எடுத்தார்.

பிறகு பாப்புன்யா. ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து 240 கிலோமீட்டர் தொலைவில், பாலைவனத்தின் பல இனத்தவரையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து குவித்து, வெள்ளையர் வாழ்க்கைக்குப் பழக்குவதற்காக அரசு அமைத்த குடியிருப்பு. 1971-ல் ஜெஃப்ரி பார்டன் என்ற இளம் ஆசிரியர் அங்கே வேலைக்கு வந்தார். அவருடைய ஊக்கத்தில் ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து பள்ளிச் சுவரில் தேன் எறும்பின் கதையை வரைந்தார்கள். அதுவரை மணலிலும் உடம்பிலும் சடங்குப் பொருள்களிலும் மட்டுமே இருந்த குறிகள் முதன்முறையாக அரசுக் கட்டடத்தின் சுவரில் ஏறின. அடுத்து பலகைத் துண்டுகள், கிடைத்த வண்ணம், கிடைத்த அட்டை. 1972-ல் ஓவியர்களே சொந்தமாக 'பாப்புன்யா டூலா' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு போசமும் சேர்ந்தார். அந்தப் பள்ளிச் சுவர் ஓவியம் 1974-ல் வண்ணம் பூசி அழிக்கப்பட்டது. உலக ஓவிய வரலாற்றில் இடம்பெற்ற ஒரு சுவரைப் பராமரிப்புப் பணி என்ற பெயரில் மறைத்தார்கள். அதைக் கேள்வி கேட்க யாரும் இல்லை.

போசமின் பெரிய ஓவியங்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இந்தத் தலையங்கத்தின் கோபத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. 1976 முதல் சில ஆண்டுகள் அவர் வரைந்தவை வெறும் அலங்காரப் புள்ளிகள் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவை நிலப்படங்கள். கித்தானைத் தரையில் விரித்து, நான்கு பக்கத்திலும் மாறி மாறி உட்கார்ந்து வரைந்தார். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரு திசை தெரியும். ஒரே கித்தானில் பல மூதாதைக் கதைகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகும், ஒன்றின் தடத்தை ஒன்று அழிக்காது. 1977-ன் வார்லுகுலாங் ஓவியத்தில் மட்டும் ஒன்பது கதைகள் இருப்பதாக அறிஞர்கள் எண்ணியிருக்கிறார்கள். எரிந்த நிலத்தின் சாம்பல், புகை, கருகாத புல், கரி என ஒவ்வொன்றுக்கும் தனி நிறம். எழுத்தறியாதவர் என்று அரசுப் பதிவேடுகள் தள்ளி வைத்த ஒருவர், நூற்றுக்கணக்கான சதுர மைல் நிலத்தின் உரிமைப் பத்திரத்தைத் தலைக்குள் வைத்திருந்து கித்தானில் இறக்கினார்.

அந்த ஓவியத்தின் மையக் கதையை ஆஸ்திரேலிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். லுங்கட்டா என்ற நீலநாக்குப் பல்லி மூதாதைக்கு இரண்டு மகன்கள். வேட்டைக்குப் போன அவர்கள் ஒரு கங்காருவைக் கொன்றார்கள். வயதான தந்தைக்குப் பங்கு கொடுக்காமல் தாங்களே தின்று முடித்தார்கள். தந்தைக்குத் தெரிந்துவிட்டது. அவர் வார்லுகுலாங்கில் ஒரு புதரில் தீ வைத்தார். தீ பரவிக் காடெல்லாம் எரிந்தது. மகன்கள் ஓடி ஓடி அணைக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. அந்த இருவரின் எலும்புக்கூடுகளும் ஓவியத்தில் கிடக்கின்றன. பெற்றவருக்குப் பங்கு கொடுக்காமல் உண்பது உயிரையே பறிக்கும் குற்றம் என்பது அந்த நிலத்தின் சட்டம். அந்தச் சட்டத்தை எழுதிக் காட்டிய ஓவியத்தைத்தான் வங்கியும் வணிகரும் தேசமும் கைமாற்றிக்கொண்டன, எழுதியவரின் வீட்டுக்குப் பங்கு கொடுக்காமல்.

புகழுக்குக் குறைவில்லை. 1980-ல் அடிலெய்டில் உள்ள தெற்கு ஆஸ்திரேலியக் கலைக்கூடம் அவருடைய 'ஆணின் காதல் கதை' என்ற ஓவியத்தை வாங்கியது. அருங்காட்சியகத்து இனவரைவியல் அலமாரியில் வைக்காமல், சமகால ஓவியம் என்று மதித்துப் பெரிய கலைக்கூடம் ஒன்று வாங்கிய முதல் பாப்புன்யா ஓவியங்களில் அது ஒன்று. 1988-ல் லண்டனில் தனிக் கண்காட்சி. 1990-ல் பக்கிங்ஹாம் அரண்மனையில் அரசியைச் சந்தித்தார். பாப்புன்யா டூலாவின் தலைவராகவும் இருந்தார். தன் மகள்கள் கேப்ரியெல்லாவையும் மிஷெலையும் ஓவியர்களாக்கினார்.

புகழோடு திருட்டும் வந்தது. 1999-ல் சிட்னியில் தன் பெயரில் தொங்கிக்கொண்டிருந்த போலி ஓவியங்களை அவரே நேரில் போய் அடையாளம் காட்ட வேண்டியிருந்தது. அறுபது வயதைத் தாண்டிய ஒரு மூதாளர் கூடம் கூடமாக நடந்து, தான் வரையாதவற்றை விரல் நீட்டிக் காட்ட வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டார். 2001-ல் ஒரு கலை வணிகர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நன்னடத்தைப் பிணையோடு விடப்பட்டார், சிறை இல்லை. மூதாதையின் கதையை உரிமையில்லாமல் வரைந்து, அதைப் போசமின் பெயரில் விற்றதற்கு அவ்வளவுதான் தண்டனை.

2002 ஜூன் 21 அன்று போசம் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இறந்தார். 'ஆர்டர் ஆஃப் ஆஸ்திரேலியா' விருதை அவர் கையில் கொடுக்கக் குறித்திருந்த நாளும் அதுவே. பதக்கம் தயாராக இருந்தது, வாங்க ஆள் இல்லை. உயிரோடு இருந்தபோது தந்திருக்க வேண்டிய வேறு ஒன்றும் அதே போலப் பிந்திப்போனது. கலைஞர்களுக்கு மறுவிற்பனையில் பங்கு தர வேண்டும் என்று ஓர் அரசு ஆய்வு 2002-ல்தான் பரிந்துரைத்தது. அரசு நான்கு ஆண்டுகள் யோசித்து 2006-ல் மறுத்துவிட்டது. அடுத்த ஆண்டே வார்லுகுலாங் 24 லட்சத்துக்குப் போனது. வெட்கம் சட்டத்தை இழுத்து வந்தது. ஆட்சி மாறியது, 2009-ல் சட்டம் நிறைவேறியது, 2010 ஜூன் 9-ல் நடைமுறைக்கு வந்தது.

சட்டத்தின் நல்ல பகுதியை மறைக்க மாட்டோம். ஓவியம் 1,000 டாலருக்கோ அதற்கு மேலோ மறுபடி விற்கப்பட்டால் விலையில் 5 விழுக்காடு கலைஞருக்கு. அவர் இறந்த பிறகு 70 ஆண்டுகள் வரை வாரிசுகளுக்கு. இதனால் பணம் பெறுபவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பூர்வகுடிக் கலைஞர்களும் அவர்கள் குடும்பங்களும்தான். அந்த அளவுக்குச் சட்டம் பயன்பட்டிருக்கிறது.

இப்போது 11-ஆம் பிரிவுக்கு வருவோம். 2010 ஜூன் 9-க்கு முன்பே ஒருவர் ஓவியத்தை வாங்கி வைத்திருந்தால், அந்தத் தேதிக்குப் பிறகு அவர் அதை விற்கும்போது பங்கு தர வேண்டியதில்லை. அவரிடமிருந்து வாங்கியவர் மறுபடி விற்றால்தான் கலைஞரின் உரிமை தொடங்கும். காகிதத்தில் படிக்கும்போது சிறிய இடைக்கால ஏற்பாடு போலத் தெரியும். அதன் வேலையைப் பாருங்கள்.

பாலைவன ஓவியத்தின் உச்சம் எழுபதுகளும் எண்பதுகளும் தொண்ணூறுகளும். 1971 முதல் 1973 வரை வரையப்பட்ட ஆரம்பப் பலகைகள் ஆயிரம் அளவில் இருக்கலாம். இன்று சேகரிப்பாளர்கள் துடிப்பது அவற்றுக்காகத்தான். அவை எல்லாம் 2010-க்கு வெகு காலத்துக்கு முன்பே, சில பத்து டாலருக்கும் சில நூறு டாலருக்கும் கைமாறிவிட்டன. அவற்றின் விலை எகிறும் அந்த முதல் ஏலத்தைத்தான் சட்டம் விலக்கி வைக்கிறது. அந்த ஏலத்தில் தலைசிறந்தவற்றை வாங்குவது யார்? பெரும்பாலும் பொதுக் கலைக்கூடங்களும் பெரும் அறக்கட்டளைகளும். அவை மறுபடி விற்பதில்லை. ஆகவே கலைஞரின் உரிமை தொடங்கும் என்று சட்டம் சொல்லும் அந்த 'அடுத்த' விற்பனை வரவே வராது. வார்லுகுலாங் 2007-ல் விற்கப்படாமல் 2012-ல் விற்கப்பட்டிருந்தாலும், 1996-ல் வாங்கிய வணிகரே விற்பவர் என்பதால், போசமின் குடும்பத்துக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. அவருடைய ஓவியத்தின் விலை தந்த அதிர்ச்சியில் பிறந்த சட்டம், அதே விற்பனை திரும்ப நடந்தாலும் அவருக்கு உதவாது.

ஊகம் வேண்டாம், நடந்ததையே சொல்கிறோம். போசமைப் போலவே அன்மாட்யெர் இனத்தவரான எமிலி காமே உங்வாரே, யுடோபியா என்ற இடத்தில் ஏறக்குறைய எண்பது வயதில் கித்தானில் வரையத் தொடங்கினார். 1996-ல் இறப்பதற்குள் எட்டே ஆண்டுகளில் சுமார் மூவாயிரம் ஓவியங்கள். 1994-ல் அவர் வரைந்த 'பூமியின் படைப்பு' 2007-ல் 10 லட்சத்து 56 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. சட்டம் வந்து ஏழு ஆண்டுகள் ஆன பிறகு, 2017-ல், அன்று வாங்கியவரே அதை விற்றார். விலை 21 லட்சம் டாலர். ஐந்து விழுக்காடு என்றால் ஒரு லட்சத்து ஐயாயிரம். ஆனால் விற்றவர் வாங்கியது 2010-க்கு முன். எனவே சட்டப்படி பங்கு இல்லை.

ஜானி வாரங்குலா ஜுப்புருலாவை மறக்க முடியுமா? 1972-ல் அவர் வரைந்த நீர்க்கதை ஓவியத்துக்கு அவருக்குக் கிடைத்தது 150 டாலர். அது 1997-ல் 2 லட்சத்து 6 ஆயிரத்துக்கும், 2000-ல் 4 லட்சத்து 86 ஆயிரத்து 500-க்கும் விற்றது. அப்போது அவர் உயிரோடு இருந்தார், முதுமையிலும் வறுமையிலும். தனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று கேட்டார். 2001-ல் இறந்தார். அன்று சட்டம் இல்லை என்று சொல்லலாம். இன்று இருக்கிற சட்டம் அவருடைய தலைமுறையின் பலகைகளுக்கு எந்த அளவுக்கு எட்டுகிறது என்பதே நம் கேள்வி.

இந்தப் பிரிவுக்கு அரசு சொன்ன காரணம் அரசமைப்பு. நேர்மையான ஈடு கொடுக்காமல் யாருடைய சொத்தையும் அரசு எடுக்கக் கூடாது என்கிறது 51-ஆம் பிரிவு. பழைய உரிமையாளர்களின் விற்பனையில் பங்கு கேட்டால் அது சொத்தைப் பறிப்பதாகிவிடுமோ என்று அஞ்சினார்களாம். இந்த அச்சத்தை நாம் ஏற்கவில்லை. காரணம் அதே அரசின் இன்னொரு சட்டத்தில் இருக்கிறது. 1986-ஆம் ஆண்டின் அசையும் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டப்படி, குறிப்பிட்ட வயதையும் விலையையும் தாண்டிய பூர்வகுடி ஓவியங்களை அரசின் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு எடுத்துச் செல்ல முடியாது. ஆரம்பப் பாப்புன்யா பலகைகளுக்கு அனுமதி மறுக்கப்பட்டும் இருக்கிறது. வெளிநாட்டில் விற்க முடியாதபோது உரிமையாளரின் விலை குறையும். அந்த இழப்பைச் சுமக்கச் சொல்ல அரசு தயங்கவில்லை, ஏனென்றால் ஓவியம் தேசத்தின் பொக்கிஷம். தேசத்தின் நலனுக்காக உரிமையாளரின் கையைக் கட்டலாம், வரைந்தவரின் பிள்ளைகளுக்காக நூற்றுக்கு ஐந்து கேட்கக் கூடாது என்றால், அந்தப் பொக்கிஷம் யாருடைய உழைப்பில் உண்டானது என்பதையே அரசு கணக்கில் எடுக்கவில்லை.

பிற நாடுகளும் இதைச் செய்திருக்கின்றன. பிரான்ஸ் 1920-லேயே இந்த உரிமையைக் கொடுத்தது. பிரிட்டன் 2006-ல் தொடங்கியபோது, உரிமையாளர் ஓவியத்தை வாங்கிய ஆண்டைப் பார்த்துப் பழைய சேகரிப்புகளை எல்லாம் விலக்கி வைக்கவில்லை. லண்டனின் ஏல மண்டபங்கள் மூடப்பட்டுவிடவும் இல்லை.

ஏல நிறுவனங்களும் சேகரிப்பாளர் சிலரும் சொல்லும் வாதங்களையும் பார்த்துவிடுவோம். யாருக்கும் மதிப்புத் தெரியாத காலத்தில் நாங்கள்தான் பணத்தைப் போட்டோம் என்கிறார்கள். உண்மை. அதற்குக் கைம்மாறாக மீதி 95 விழுக்காடு அவர்களுக்கே இருக்கிறது. விற்பவர், வாங்குபவர் இருவரிடமும் கழிவு வாங்கும் நிறுவனங்கள், கலைஞருக்கான பங்கு மட்டும் சந்தையைக் கெடுத்துவிடும் என்று சொல்வது ஏற்கத் தக்கதல்ல. சந்தை வெளிநாட்டுக்கு ஓடிவிடும் என்ற வாதமும் உண்டு. ஓடத்தான் செய்கிறது. 2019 டிசம்பரில் சொதெபீஸ் நியூயார்க்கில் பூர்வகுடிக் கலைக்கென்றே தனி ஏலம் நடத்தியது. அமெரிக்காவில் இந்த உரிமையே இல்லை. அதற்குத் தீர்வு, அரசுகள் ஒப்பந்தம் செய்து உரிமையை விரிவாக்குவது. சொந்த நாட்டில் கதவைத் திறந்து விடுவது தீர்வாகாது.

இப்படிப்பட்ட தவறுகளைத் திருத்த முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். நமட்ஜிராவின் படைப்புகளின் பதிப்புரிமையை, குடும்பத்தைக் கேட்காமல், வடக்குப் பிரதேசத்தின் அரசு அறங்காவலர் 1983-ல் 8,500 டாலருக்கு ஒரு பதிப்பகத்துக்கு விற்றார். முப்பத்து நான்கு ஆண்டுகள் குடும்பம் போராடியது. 2017-ல் உரிமை திரும்பி வந்தது. அடுத்த ஆண்டு அரசு இழப்பீடும் கொடுத்தது. கோனிஸ்டன் படுகொலைக்கு, தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 2018-ல் வடக்குப் பிரதேசக் காவல்துறை ஆணையர் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார். 1933 முதல் 1971 வரை கூலி இல்லாமலும் அரைகுறைக் கூலிக்கும் உழைத்த அந்தப் பிரதேசத்துப் பூர்வகுடி மக்களுக்காக, 2024-ல் மத்திய அரசு 20 கோடி டாலருக்கும் மேல் தர ஒப்புக்கொண்டது. மாடு ஓட்டிய கைகளுக்கு உரிய கூலி மறுக்கப்பட்டதை ஒத்துக்கொண்ட அரசு, அதே கைகள் 1971-க்குப் பிறகு தூரிகை பிடித்துச் சம்பாதித்துக் கொடுத்ததை மட்டும் ஏன் ஒத்துக்கொள்ள மறுக்கிறது?

போலிகளின் விஷயத்திலும் இதே அலட்சியம். இந்தோனேசியாவில் செய்த பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களைப் பூர்வகுடிக் கைவேலை என்று விற்ற ஒரு நிறுவனத்துக்கு 2019-ல் நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. நிறுவனம் அதற்குள் கலைப்பு நடவடிக்கைக்குப் போய்விட்டது. பூர்வகுடிப் பாணி நினைவுப் பொருள்களுக்கு மக்கள் செலவிடும் பணத்தில் பாதிக்கு மேல் போலிகளுக்கே போகிறது என்று அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் 2022-ல் அறிக்கை கொடுத்தது. போலிப் பொருளில் போலி என்று எழுத வைக்க வேண்டும், பண்பாட்டு உரிமைக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 2023-ன் தேசியப் பண்பாட்டுக் கொள்கையில் அரசு தனிச் சட்டம் தருவதாக வாக்களித்தது. போசம் தன் விரலை நீட்டிப் போலிகளைக் காட்டியது 1999-ல். இத்தனை ஆண்டுகள் கழித்தும் வாக்குறுதியோடு நிற்பது பெருமைக்குரிய வேகம் இல்லை.

நாங்கள் கேட்பது தெளிவானது. 11-ஆம் பிரிவை நீக்கும் திருத்த மசோதாவை ஆஸ்திரேலியக் கலைத்துறை அமைச்சர் கொண்டுவர வேண்டும். ஓவியத்தை எப்போது வாங்கினாலும், இனி நடக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் கலைஞருக்கோ வாரிசுக்கோ பங்கு சேர வேண்டும். அரசமைப்பு இடைஞ்சல் என்றால், உரிமையாளருக்குரிய ஈட்டை அரசே கொடுத்துக்கொள்ளட்டும். அதற்காகக் கலைஞரின் குடும்பத்தைக் காத்திருக்கச் சொல்லக் கூடாது. 2010-க்குப் பிறகு இந்தப் பிரிவால் தப்பிய விற்பனைகளைத் தொகுத்து வெளியிட வேண்டும். ஏல நிறுவனங்களிடம் எல்லாக் கணக்கும் இருக்கிறது. போலிகளுக்கு எதிரான தனிச் சட்டத்தையும் இனித் தள்ளிப்போடக் கூடாது.

சட்டம் திருத்தப்படும் வரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லாத நிறுவனங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, வார்லுகுலாங்கைத் தன் சுவரில் வைத்திருக்கும் தேசியக் கலைக்கூடம். 24 லட்சத்தில் 5 விழுக்காடு 1 லட்சத்து 20 ஆயிரம் டாலர். அந்தத் தொகையைப் போசமின் வாரிசுகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. கலைக்கூடத்தின் ஆட்சிக் குழு தன் அடுத்த கூட்டத்திலேயே அதற்குத் தீர்மானம் போடலாம். மற்றொன்று, 1,200 டாலருக்கு வாங்கி 39,600-க்கு விற்ற காமன்வெல்த் வங்கி. அந்த லாபத்தில் அவர் பங்கு என்ன என்று கணக்குப் போட வங்கிக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.